அத்தி பாகு குடிக்கும் வேகம்

இரண்டு சட்டி அத்தி குப்பைக்குப் போன பிறகுதான் மூன்றாவது சட்டி தேறியது. தேறியதை மட்டும் எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். கெட்டுப்போன இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வேலை நிமித்தமாக ஈக்வடாரின் தலைநகர் கித்தோவில் வசிக்கிறேன். இது மூன்றாவது ஆண்டு. வந்த புதிதில் பழைய நகரத்துத் தெரு ஒன்றில், கண்ணாடிப் பெட்டிக்குள் கன்னங்கரேலென்று மினுமினுத்த எதையோ பார்த்து எண்ணெய்க் கத்தரிக்காய் என்றே நினைத்தேன். கடைக்காரப் பெண் ஒரு வட்ட ரொட்டியைப் பிளந்து, அந்தக் கறுப்பு உருண்டைகளில் இரண்டை உள்ளே வைத்து அமுக்கி, மேலே வெள்ளைப் பாலாடைக்கட்டி ஒரு துண்டை வைத்து, ஒரு கரண்டி பாகும் ஊற்றிக் கொடுத்தார். கடித்தால் முதலில் வெல்லம், பிறகு பட்டையும் கிராம்பும், எல்லாம் அடங்கிய பிறகு இலை கசக்கியது போன்ற ஒரு பச்சை வாசம். நூற்றுக்கணக்கான சிறு விதைகள் பல்லில் நறநறத்தன. துல்சே தே ஈகோஸ் என்றார். அத்தி இனிப்பு என்று பொருள். பாலாடைக்கட்டியுடன் தந்தால் ஈகோஸ் கோன் கேசோ. அன்றிலிருந்து அந்தத் தெரு வழியாகப் போவதற்கு ஏதாவது ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது.

நான் குடியிருப்பது ஒரு மாடிப் பகுதி. கீழே வீட்டுக்காரம்மா. எழுபது வயதைத் தாண்டியவர், தெற்கே குவென்காவில் பிறந்தவர். அந்த ஊரில் தவக்காலத்துக்கு முந்தைய கார்னிவல் திருவிழா வந்தால் வீட்டுக்கு வீடு அத்தியும் பீச்சும் பாகில் கொதிக்கும் என்பார். இவரோ புனித வெள்ளிக்காகவும் செய்வார். அன்று மதியம் ஈக்வடார் முழுவதும் ஃபனேஸ்கா என்ற கெட்டியான சூப் உண்டு. உலர்ந்த உப்பு மீன், பூசணி, பால், பன்னிரண்டு வகைத் தானியமும் பயறும் சேர்ந்தது. அதை உண்டு முடித்துத் திணறும் வேளையில் அவர் வீட்டில் அத்தி வரும். இந்த ஆண்டு பிப்ரவரியில் படியில் வழுக்கி வலது மணிக்கட்டு உடைந்து கட்டுப் போட்டுக்கொண்டார். "ஃபனேஸ்காவை என் மகள் பார்த்துக்கொள்வாள். அத்தியை நீ செய்துவிடு" என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

நான் உடனே ஒப்புக்கொண்டேன். வெல்லப்பாகு பார்த்து வளர்ந்த வீட்டில் பிறந்தவருக்குப் பாகு காய்ச்ச யார் கற்றுத்தர வேண்டும் என்ற திமிர்தான். ஆகவே அவரிடம் எதையும் கேட்காமல், புனித வெள்ளிக்கு ஒரு மாதம் முன்பே இரகசியமாக ஒத்திகையில் இறங்கினேன்.

இங்கே அத்தி என்பது நம் ஆற்றங்கரைகளில் அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகக் காய்க்கும் அத்தி அன்று, சீமை அத்தி. ஸ்பானியர்களோடு கடல் கடந்து வந்தது. இரண்டுக்கும் பூ உள்ளேதான். நாம் பழம் என்று தின்பது, உட்புறமாகப் பூத்துக் கிடக்கும் ஒரு பை. 'அத்தி பூத்தாற்போல' என்று நாம் சொல்வதற்குக் காரணம் அது பூக்காததல்ல, கண்ணில் படாததுதான். இந்த இனிப்புக்குக் கனிந்த பழம் உதவாது. முழு அளவுக்கு வளர்ந்தும் பச்சை மாறாத காய் வேண்டும்; விரலால் அழுத்தினால் எலுமிச்சை அளவுக்கு மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டும். ஊதா நிறம் ஏறத் தொடங்கியது என்றால் பாகில் பிரிந்துவிடும். தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னபோது, "அத்திக்காயில் பருப்புப் போட்டுக் கூட்டுச் செய்வார்கள். பாகில் போடுவார்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கூட்டுக்கான பக்குவத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

முதல் சட்டியில் இருபது காய்கள். காம்பு நுனியை வெட்டினேன். அடிப்பக்கத்தில் கத்தியால் சிலுவை போலக் கீறினேன். வெட்டிய இடமெல்லாம் வெள்ளைப் பால் வழிந்தது. பலாப்பழம் அரிந்த அனுபவத்தில் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டேன். பிசுபிசுப்பு ஒட்டவில்லை; என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன். ஆனால் எண்ணெய் விரல்களோடு நின்றுவிட்டது, பால் மணிக்கட்டு வரை வழிந்திருந்தது. அதை ஒழுங்காகக் கழுவாமல் மொட்டை மாடிக்குப் போய் நண்பகல் வெயிலில் துணி உலர்த்தினேன். அன்று ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை நோக்கிச் சிவந்த கோடுகள். மாலைக்குள் அவை நீர்க்கொப்புளங்களாயின.

அத்திப்பாலில் சோராலன் வகைப் பொருள்கள் இருக்கின்றன. தனியாக அவை பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. தோலில் பட்ட பிறகு வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால்தான் சுட்டுவிடுகின்றன, அதுவும் ஒன்றிரண்டு நாள் தாமதமாக. நிலநடுக்கோட்டை ஒட்டி, இத்தனை உயரத்தில் இருக்கும் கித்தோவின் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கொப்புளம் ஒரு வாரத்தில் வற்றியது. பழுப்புத் தழும்பு இதை எழுதும்போதும் இருக்கிறது. கையுறை போடுங்கள். இல்லாவிட்டால் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அன்று முழுவதும் வெயிலில் கை காட்டாதீர்கள்.

இனி அந்த முதல் சட்டி கெட்ட விதம். கித்தோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு, ஆகவே தண்ணீர் 100 டிகிரி வரை காத்திருப்பதில்லை. என் அடுப்பில் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் 90.5 டிகிரியிலேயே தளதளவென்று கொதிக்கிறது. கொதிக்கும், ஆனால் வேகாது. கொண்டைக்கடலை இங்கே திறந்த பாத்திரத்தில் அரை நாள் எடுக்கும். அதற்காகவே ஆப்ப சோடா போடும் பழக்கம் எனக்கு வந்திருந்தது. அத்திக்கும் அதே கையோடு ஒரு தேக்கரண்டி நிறைய அள்ளிப் போட்டேன். நாற்பது நிமிடத்தில் தண்ணீர் பச்சையும் பழுப்புமாகத் திரண்டது. காய்கள் பார்வைக்கு அழகாக இருந்தன. கரண்டியால் தொட்டதும் தோல் கழன்று உள்ளே இருந்தது களியாகக் கொட்டியது.

காயின் உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பசை. சோடாவின் காரத்தன்மையும் சூடும் சேர்ந்தால் அது அறுந்துபோகிறது. கடலைக்கு அதுதான் நமக்குத் தேவை, நான்கு நாள் பாகில் கிடக்க வேண்டிய காய்க்கு அதுவே எமன். இதற்கு நேரெதிரான வேலையைச் சுண்ணாம்பு செய்யும். அர்ஜென்டினாவில் பூசணித் துண்டுகளைப் பாகில் போடும் முன் சுண்ணாம்பு நீரில் ஊறவைப்பார்கள். சுண்ணாம்பிலுள்ள கால்சியம் பெக்டினைப் பிணைத்து இறுக்கிவிடுகிறது. மேலே மொறுமொறுவென்றும் உள்ளே குழைந்தும் வரும். ஆக்ராவின் பூசணி மிட்டாயிலும் இதே சூட்சுமம்தான். சோடாவும் சுண்ணாம்பும் இரண்டுமே காரம் என்றாலும் ஒன்று அவிழ்க்கும், மற்றது கட்டும். சிலர் நிறம் பச்சையாக நிற்பதற்காகச் சோடா சேர்க்கிறார்கள். வெள்ளைச் சர்க்கரைப் பாகில் போடுகிறவர்களுக்கு அது பொருந்தும். பனேலா என்ற இந்த ஊர் வெல்லத்தில் கருத்துப்போகப் போகிற காய்க்கு நிறத்தைப் பற்றி என்ன கவலை?

இரண்டாவது சட்டியில் சோடா இல்லை. பொறுமையாக ஒன்றரை மணி நேரம் வேகவைத்தேன். காய் முழுசாக நின்றது, ஊசி குத்தினால் தடையின்றி இறங்கியது. பாகும் நன்றாகவே தொடங்கியது. இந்த முறை கெடுத்தது வெப்பமானி. பழங்களைப் பாகில் பாதுகாக்க 105 டிகிரி வரை காய்ச்ச வேண்டும் என்று எப்போதோ மனத்தில் பதிந்திருந்தது. ஆகவே பாகு 96, 97 என்று மெல்ல ஏறியபோது, இன்னும் எட்டு டிகிரி இருக்கிறதே என்று அடுப்பைக் கூட்டினேன். மூக்கு எச்சரித்தது. கரண்டியிலிருந்து சொட்டிய பாகு நூலிழுத்தது. கண்முன் பதம் தெரிகிறது, நானோ எண்ணை நம்பி நிற்கிறேன். 105 தொட்டதும் இறக்கினேன். ஆறிய பிறகு பார்த்தால் பாகு அதிரசத்துக்கு மாவு கிளறும் பதத்தைக் கடந்திருந்தது. அதில் புதைந்திருந்த அத்திகள் சுண்டைக்காய் வற்றலின் பெரியப்பா போலச் சுருங்கிக் கிடந்தன.

கணக்கு எளியது. 105 என்பது தண்ணீர் 100-இல் கொதிக்கும் ஊரின் எண். அதாவது கொதிநிலைக்கு மேல் ஐந்து டிகிரி. என் வீட்டில் அது 95.5. நான் கொதிநிலைக்கு மேல் பதினான்கரை டிகிரி ஏற்றியிருக்கிறேன். மலை ஊரில் பாகு காய்ச்சுபவர்கள் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அதன் மேல் கூட்டிக்கொள்ள வேண்டும். அல்லது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தொட்டுப் பார்த்து ஒற்றைக் கம்பி வருகிறதா என்று பார்க்கலாம். விரலுக்கு ஊரின் உயரம் தெரிய வேண்டிய அவசியமில்லை.

அந்தச் சுருங்கிய அத்திகளைக் குப்பைக் கூடையின் அடியில் மறைத்துத்தான் போட்டேன். ஆனால் மூன்று மணி நேரம் பாகு காய்ந்த வாசம் படி வழியாகக் கீழே போகாமல் இருக்குமா? மறுநாள் வீட்டுக்காரம்மா கேட்டார்: "மிஹிதா, எத்தனை போயிற்று?" மகளே என்பதைச் செல்லமாக அப்படித்தான் அழைப்பார்கள். நாற்பது என்றேன். கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு, "குருத்தோலை ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தைக்குப் போய்விட்டு வா. அடுப்பு என்னுடையது, கை உன்னுடையது" என்றார்.

சாந்தா கிளாரா சந்தை வாசலில் அன்று குருத்தோலைப் பின்னல்கள் குவிந்திருந்தன. பழக்காரப் பாட்டியை நான் 'கசேரா' என்பேன், அவரும் என்னை 'கசேரா' என்பார். வாடிக்கையாக விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இங்கே ஒரே பெயர். முப்பத்தாறு காய்கள் பொறுக்கினேன், ஒன்றரைக் கிலோ வந்தது. காசு கொடுத்து முடித்ததும், "யாபா?" என்று கேட்டேன். மூன்று காய்களைக் கூடப் போட்டார். கெச்சுவா மொழியிலிருந்து வந்த சொல். நம் கொசுறுதான். வந்த முதல் மாதத்திலேயே நான் தெளிவாகக் கற்றுக்கொண்ட சொல்லும் இதுதான்.

பனேலா 1.2 கிலோ. கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக வார்த்தது, நம் வெல்லமேதான். பெருவில் இதைச் சான்காக்கா என்பார்கள். கித்தோவுக்கு வடமேற்கே பாக்தோ பகுதியில் நிறைய ஆலைகள் உண்டு. சாறு கொதிக்கும்போது அழுக்குத் திரள, சில செடிகளின் பட்டையிலிருந்து வரும் கொழகொழச் சாற்றை ஊற்றுவார்கள். நம் பக்கத்துக் கொப்பரைகளில் வெண்டைத் தண்டுச் சாறு செய்யும் வேலை அது. எவ்வளவு எடுத்தாலும் கொஞ்சம் தூசு மிஞ்சும். பனேலாவைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டாமல் போடுகிறவர்கள் இங்கே அதிகம், நான் வடிகட்டினேன். துணியில் கரும்புச் சக்கையும் ஒரு தேனீயின் இறக்கையும் நின்றன. வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் துணியைக் கேட்டு வாங்கி உற்றுப் பார்த்தார்.

ஞாயிறு பிற்பகல் அவர் சமையலறையில் கையுறையோடு உட்கார்ந்து காம்பு வெட்டினேன், கீறினேன். கீறல் பாதி ஆழத்துக்குப் போக வேண்டும் என்றார். நான் முன்பு தோலோடு நிறுத்தியிருந்தேன். பால் வெளியே வருவதற்கும் பாகு உள்ளே போவதற்கும் அந்த ஒரே வாசல்தான். இடையில் ஒரு விளையாட்டு: கிண்ணத்தில் கொஞ்சம் வெதுவெதுப்பான பாலெடுத்து அத்திப்பால் பத்துச் சொட்டு விட்டேன். சிறிது நேரத்தில் பால் திரிந்து கட்டியாயிற்று. ஃபிசின் என்ற நொதியின் வேலை. பண்டைக் கிரேக்கர்கள் பாலாடைக்கட்டி செய்ய அத்திப்பாலைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அத்தியும் பாலாடைக்கட்டியும் ஒரே தட்டில் வருவதற்கு முன்பே இருவருக்கும் பழக்கம் இருந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

காய்கள் தண்ணீரில் ஊறின. இரவு படுக்கும் முன் ஒரு முறை, காலையில் ஒரு முறை தண்ணீர் மாற்றினேன். ஒவ்வொரு முறையும் மேலே மெல்லிய வெள்ளைப் படலம் மிதந்தது.

திங்கள் மாலை வேகவைத்தேன். அதுவும் வெறும் தண்ணீரில். "சோடா?" என்று கேட்டதற்கு, "அவசரம் உள்ளவர்கள் போடட்டும்" என்றார். சர்க்கரையும் இப்போது கூடாது. இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாயசத்தில் பருப்புக் குழையும் முன் வெல்லத்தைப் போட்டால் அதன் பிறகு எத்தனை விறகு எரித்தாலும் பருப்பு வேகாது, அத்தியும் அப்படித்தான். ஒன்றேகால் மணி நேரத்தில் ஊசி இறங்கியது. அடுப்பை அணைத்து, அதே தண்ணீரிலேயே இரவு முழுவதும் விட்டோம்.

செவ்வாய் காலை வடித்தபோது அந்தத் தண்ணீரைச் சுவைத்துப் பார்த்தேன். நாக்கு ஒரு மணி நேரம் தடித்துக் கிடந்தது. பிறகு ஒவ்வொரு காயையும் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து, வடை தட்டும் மென்மையோடு அமுக்கிப் பிழிய வேண்டும். கீறல் வழியே தண்ணீர் வடியும். கையைத் தளர்த்தினால் காய் பாதி உப்பிக்கொள்ளும். அவர் இடது கையால் ஒன்றை எடுத்துப் பிழிந்து காட்டினார். நான் எடுத்த முதல் காயே பிதுங்கியது. முப்பத்தொன்பதில் ஒன்று போயிற்று.

இனிப் பாத்திரம். அவரிடம் பைலா ஒன்று இருக்கிறது, வெண்கலத்தில், அகலமான வாயும் தாழ்ந்த விளிம்பும் இரண்டு காதுகளுமாக. அப்படியே நம் உருளி. எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்து மினுக்கச் சொன்னார். ஊரில் புளி போட்டு விளக்குவோம் என்றதும், அவர் வீட்டுப் பின்புறத்தில் புளியமரம் நிற்பது போல அதையும் கொண்டுவரச் சொன்னார். அகலமான வாய்க்கு வேலை உண்டு. நீர் சீக்கிரம் ஆவியாகும், காய்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே வரிசையில் கிடக்கும்.

ஒன்றரை லிட்டர் தண்ணீரில் பனேலா கரைந்து வடிகட்டிய பாகு. அதில் பட்டை மூன்று குச்சி, கிராம்பு ஆறு, ஆரஞ்சுத் தோல் ஒரு நீள இழை. பட்டையைப் பொடித்துப் போடவே கூடாது. பாகு கலங்கி வழவழப்பாகிவிடும். இவற்றோடு இஷ்பிங்கோ இரண்டு, ஆனால் அதைக் கடைசி நாள்வரை தொடக்கூடாது என்றார்.

இஷ்பிங்கோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிழக்கே அமேசான் சரிவில் வளரும் மரம் ஒன்றின் பூவடி இதழ், காய்ந்து மரத்தொப்பி போல இருக்கும். மணம் பட்டையை ஒத்திருக்கும், அதைவிடக் கொஞ்சம் காட்டமாக. 1541-இல் ஸ்பானியத் தளபதி கொன்சாலோ பிசாரோ கித்தோவிலிருந்து பெரும் படையோடு கிழக்கே இறங்கியதே இந்த மணத்தை நம்பித்தான். பட்டை விளையும் நாடு ஒன்று அங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தான். கண்டது, காட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்ற மரங்களை. உணவு தேடி முன்னே போன அவனது துணைத் தளபதி ஒரேயானா ஆற்றோட்டத்தில் திரும்பி வர முடியாமல் அப்படியே அமேசானின் முகத்துவாரம் வரை போய்ச் சேர்ந்தது தனிக் கதை. அவர்கள் தேடிய உண்மையான பட்டை இலங்கையில் இருந்தது. சட்டியைப் பார்த்தபடி எண்ணிப் பார்த்தேன்: அத்தி மேற்காசியாவிலிருந்து, கரும்பு நியூகினியில் தொடங்கி இந்தியா வழியாக, கிராம்பு மலுக்கு தீவுகளிலிருந்து, ஆரஞ்சு ஆசியாவிலிருந்து, பட்டை இலங்கையிலிருந்து. இந்த மண்ணில் பிறந்தது அந்த இரண்டு தொப்பிகள் மட்டுமே.

செவ்வாய் பகல், பாகு கொதித்ததும் அத்திகளை இறக்கினேன். எல்லாம் மிதந்தன. ஒரு தட்டைக் கவிழ்த்து அமுக்கி வைத்தேன். மிகச் சிறு தீ, ஒரு மணி நேரம். கரண்டி போட்டுக் கிளறக் கூடாது. காது இரண்டையும் பிடித்துப் பாத்திரத்தைச் சற்று ஆட்டினால் போதும். பிறகு அணைத்துவிட்டு மறுநாள் வரை அப்படியே.

இந்த இடத்தில்தான் என் இரண்டாவது சட்டி எதனால் கெட்டது என்பது முழுதாகப் புரிந்தது. கெட்டிப் பாகு ஒரே மூச்சில் காயைச் சுற்றினால், உள்ளிருக்கும் தண்ணீர் வெளியேறும் வேகத்துக்குச் சர்க்கரை உள்ளே நுழையும் வேகம் ஈடுகொடுப்பதில்லை. காய் வற்றுகிறது. பாகு நீர்த்ததாகத் தொடங்கி, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கெட்டியானால் இரண்டும் ஒன்றையொன்று எட்டிப் பிடிக்கின்றன. பாகு உள்ளே போவது அடுப்பு எரியும்போது மட்டுமல்ல, ஆறிக் கிடக்கும் இரவுகளிலும்தான். நெல்லிக்காயைக் குத்தித் தேனிலோ சர்க்கரையிலோ நாள்கணக்கில் ஊறவைக்கும் வீடுகளில் இது தெரிந்த செய்தி. நான்தான் அத்தியில் அதை மறந்திருந்தேன்.

நம்பிக்கைக்காக ஒவ்வொரு நாளும் ஒரு காயைக் காவு கொடுத்தேன். செவ்வாய் இரவு குறுக்கே வெட்டியபோது தோலை ஒட்டி ஒரு விரற்கடைக்கும் குறைவாகப் பழுப்பு வளையம். நடுவே வெளிறிய பச்சை, சுவையில் வெறும் வெந்த காய். புதன் காலை, அடுப்பே ஏற்றாத நிலையில் இன்னொன்றை வெட்டினேன். வளையம் இரு மடங்காகியிருந்தது. இரவு தனியாக உழைத்திருக்கிறது. புதன் பகல் மறுபடி ஒரு மணி நேரம் சிறு தீ. அன்று இரவு நடுவிலிருந்த பச்சை மொச்சைக்கொட்டை அளவுக்குச் சுருங்கியிருந்தது. மிதந்தவற்றில் பாதிக்கு மேல் மூழ்கிவிட்டன, தட்டை எடுத்துவிட்டேன். வியாழன் காலையில் பச்சை போய்விட்டது, நடுவில் கொஞ்சம் தெளிந்த தேன் நிறம் மட்டும். நான்கு காய்கள் இப்படி என் வயிற்றுக்குள் போயின. வீட்டுக்காரம்மா கண்டுகொள்ளாதது போல இருந்தார்; ஆனால் "முப்பத்துநாலு" என்று தனக்குள் சொன்னது கேட்டது.

வியாழன் மாலை கடைசிக் காய்ச்சல். இஷ்பிங்கோவை இறக்குவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பு போட்டேன். நீண்ட நேரம் கொதித்தால் மணம் ஆவியோடு போய்விடும். வெப்பமானியையும் வைத்திருந்தேன், விரலாலும் தொட்டுக்கொண்டிருந்தேன். 94-இல் பிசுபிசுப்பு. 95-ஐத் தாண்டியதும் விரல்களுக்கிடையே ஒரு கம்பி நீண்டு அறுந்தது. வீட்டுக்காரம்மா மரக்கரண்டியைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். கடைசிச் சொட்டு விழ மனமில்லாமல் தொங்கியதைப் பார்த்துவிட்டு, "போதும், அணை" என்றார். வெப்பமானி 95.5 காட்டியது. மூன்றும் ஒரே நேரத்தில் ஒத்துப்போனதில் எனக்கு இருந்த மகிழ்ச்சி அவருக்கு விளங்கவில்லை.

மாற்ற வேண்டியவை இரண்டு. ஆரஞ்சுத் தோலின் உட்புற வெள்ளையை நான் சரியாகச் சீவவில்லை. மூன்று நாள் பாகில் கிடந்ததில் மெல்லிய கசப்பு ஏறியிருந்தது. அடுத்த முறை தோலையும் கடைசி நாளில்தான் போடுவேன். கிராம்பு ஆறு அதிகம், நான்கு போதும்.

புனித வெள்ளி மதியம் பதினொரு பேர். ஃபனேஸ்காவுக்குப் பிறகு, தட்டுக்கு இரண்டு அத்தி, பக்கத்தில் ஒரு துண்டு பாலாடைக்கட்டி, மேலே பாகு. கட்டி உப்புக் குறைந்ததாக, கடித்தால் பற்களில் கிறீச்சிடும் புதுசாக இருக்க வேண்டும். பழகிய கட்டியின் காரம் அத்தியின் பச்சை வாசத்தை அழித்துவிடும். வீட்டுக்காரம்மா இடது கையில் முள்கரண்டியைப் பிடித்து, அத்தியை வாயில் வைக்கும் முன் குறுக்கே பிளந்தார். நடுவைப் பார்த்தார். தோலின் நிறமும் நடுவின் நிறமும் ஒன்றாகவே காப்பிக் கறுப்பில் இருந்தன. பிறகு உண்டார். "தோல் கொஞ்சம் தடிப்பு. காய் சற்றுப் பிஞ்சாக எடுத்துவிட்டாய்" என்றார். இன்னொன்று எடுத்துக்கொண்டார். அவர் மகள் மேசைக்கு எதிர்ப்புறமிருந்து என்னைப் பார்த்து, அம்மா இரண்டாவது எடுப்பதே பெரிது என்பது போலக் கண்ணைச் சிமிட்டினார்.

பதினொரு பேருக்கு இருபத்திரண்டு, மறுமுறை கேட்டவர்களுக்கு ஏழு. ஐந்து அத்தியும் அரை ஜாடி பாகும் என் பங்காக மாடிக்கு வந்தன. பாகில் மூழ்கியபடி குளிர்பெட்டியில் ஒரு மாதம் நிற்கும், ஈரமில்லாத கரண்டியைப் போட்டு எடுத்தால்.

சனிக்கிழமை காலை கதவு தட்டும் சத்தம். வீட்டுக்காரம்மாவின் பேரன், கையில் காலிக் கிண்ணம். பாட்டிக்குப் பாகு மட்டும் போதுமாம் என்றான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் கண் ஜாடிக்குள் எத்தனை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தது.